இன்று ஒரு நாள்

பள்ளியில் படித்த நாளில் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு பெற்றவன் நான். எனக்குக் கிடைத்த அதிகாரம் கள்ளுண்ணாமை. பத்துக் குறளையும் தடுமாறாமல் சொன்னேன். தலைமையாசிரியர் முதுகில் தட்டிக் கொடுத்தார். பதினோர் ஆண்டுகள் கழித்து, தில்லியில் ஒரு மாடியறையில், விடியற்காலையில் அந்தப் பரிசு நினைவுக்கு வந்தது. அப்போது தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் பிடித்தால் தண்ணீர் சிந்தியது.

தொடக்கம் பலரும் அறிந்த கதைதான். முதலில் நண்பர்களோடு சனிக்கிழமை, பிறகு தனியாக, பிறகு நாள்தோறும். குளிரைக் காரணம் சொன்னேன். ஆய்வேட்டைக் காரணம் சொன்னேன். மாலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைப்பார். நாக்குக் குழறுமே என்று எடுக்காமல் விடுவேன். "நூலகத்தில் இருந்தேன், அம்மா" என்று மறுநாள் காலையில் சொல்வேன். அம்மாவின் எண்ணத்தில் என்னைப் போன்ற படிப்பாளி தில்லியிலேயே இல்லை! "நாளை முதல் தொடமாட்டேன்" என்று அவர்மேல் ஆணையிட்டுக்கொண்ட இரவுகள் பல. ஆணையை நான் மீறவில்லை. அந்த நாளைதான் வரவே இல்லை.

கை நடுக்கத்துக்கு மருந்து கேட்டு ஒரு மருத்துவரிடம் சென்றேன். அவர் கடிந்து பேசவில்லை. நாட்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும், மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்றும் விளக்கினார். சில நாள் மருந்து கொடுத்தபின், "குடியை உடம்பிலிருந்து இறக்க என்னால் முடியும். மறுபடி ஏறாமலிருக்க உங்களுக்குத் துணை வேண்டும்" என்று ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

அது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமைக் குழுவின் எண். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியால் கெட்ட பங்குத் தரகர் ஒருவரும், அவ்வாறே கெட்ட அறுவை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து தொடங்கியது. 1957 முதல் நம் நாட்டிலும் இருக்கிறது. மறுமுனையில் பேசியவர் என் பெயரைக் கேட்கவில்லை. "இன்று மாலைக் கூட்டம் வரை குடிக்காமல் இருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் ஒரு மாதா கோவிலின் பின்புறக் கூடத்தில். எதிரே இருந்த தேநீர்க் கடையில் நின்று, உள்ளே போகிறவர்களை வேவு பார்த்தேன். தள்ளாடுகிறவர் ஒருவரையும் காணோம். அலுவலகம் விட்டு வந்தவர்களைப் போல் அமைதியாகச் சென்றார்கள். ஓர் அம்மையாரும் சென்றார். இடம் தவறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் ஒரு முதியவர் சாலையைக் கடந்து என்னிடமே வந்தார். "வா பேட்டா, உள்ளேயும் தேநீர் உண்டு" என்றார்.

உள்ளே சில நாற்காலிகள், தேநீர், பிஸ்கோத்து. கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. செலவுக்கு அவர்களே கைக்காசு போடுகிறார்கள். வெளியார் பணத்தை வாங்குவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. பேசுகிறவர் தம்மைக் குடிகாரன் என்று சொல்வதில்லை, குடிநோயாளி என்கிறார். வசைச் சொல்லுக்கும் நோயின் பெயருக்கும் இடையே எவ்வளவு தொலைவு!

பிறர் அங்குச் சொன்னதை எழுத எனக்கு உரிமை இல்லை. என்னைப் பற்றிச் சொல்லலாம். மூன்றாம் வாரம் அரைகுறை இந்தியில் பேசினேன். 'நாளை முதல்' ஆணையைச் சொன்னதும் கூடமே சிரித்தது. சினம் வந்தது, எழுந்து போக நினைத்தேன். சுற்றிப் பார்த்தபோது புரிந்தது. அவர்களில் ஒவ்வொருவரும் அதே ஆணையை இட்டவர். தம்மை நினைத்தே சிரித்தார்கள். சிறிது பொறுத்து நானும் சிரித்தேன்.

நான்காம் மாதம் மறுபடி விழுந்தேன். ஆய்வேட்டின் ஓர் இயல் திரும்பி வந்த அன்று குடித்தேன். வெட்கத்தால் இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. முதியவரே தொலைபேசியில் அழைத்தார். "உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஆயுள் முழுவதும் குடிக்காமலிருப்பதை யார் உன்னிடம் கேட்டார்கள்? இன்று ஒரு நாள் குடிக்காதே" என்றார். மறுநாள் சென்றேன். யாரும் காரணம் கேட்கவில்லை, தேநீர் கொடுத்தார்கள்.

அந்த வாரம் ஏழு மணிக்கு அம்மா அழைத்தபோது எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேட்டார்.

பத்திரிகையில் பெயரை வெளியிடாமை அவர்களுடைய மரபு. ஆகவே இக்கட்டுரையின் அடியில் பெயர் இராது. நம் சங்கத்தில் யாரேனும் குவளையை இரண்டு கைகளால் பிடிக்கிறவராக இருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு அந்தக் கூடத்தைத் தேடுங்கள். எதிர்த் தேநீர்க் கடையில் நெடுநேரம் நிற்க வேண்டாம்.

கள்ளுண்ணாமை பத்தும் இன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் தனியறையில் அவை என்னைக் காக்கவில்லை. என்னைப் போல் விழுந்தவர்கள் நடுவே ஒரு நாற்காலி காத்தது. இன்று நான் குடிக்கவில்லை. நாளையைப் பற்றி நாளை பார்க்கலாம்.