மந்திரி சாப்பிட மாட்டேங்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓர் ஆள் கையில் கூடையோடு சைதாப்பேட்டை ஸ்டேஷனில் நின்றால், மீன் வாங்கத்தான் போகிறான் என்று எல்லோரும் நினைப்பார்கள். சரிதான். ஆனால், நான் வாங்கப் போன மீனைக் குழம்பு வைக்க முடியாது. அதன் உடம்பில் செதிலே கிடையாது. பதிலுக்கு வழவழவென்று ஒரு கோழை. கசப்பு, நாற்றம், கொஞ்சம் விஷமும் சேர்த்தி. கடலில் பெரிய மீன்களே அதை வாயில் வைக்க யோசிக்குமாம்.

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் ஆவடி வண்டி பிடித்து, வில்லிவாக்கத்தில் இறங்க வேண்டும். மூர் மார்க்கெட் வந்தால் ஒரு நிமிஷம் நிற்பது என் பழக்கம். இந்த மனையில்தான் ஒரு காலத்தில் பழைய புத்தகம், புறா, முயல், கண்ணாடித் தொட்டியில் தங்க மீன் எல்லாம் விற்றார்கள். ஏழு வயசில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இங்கேதான் என் முதல் மீனை வாங்கினேன் (நாலே நாளில் காலி). 1985 மே மாசம் தீப்பிடித்து மார்க்கெட்டே போயிற்று. இப்போது அங்கே மின்சார ரயில் வருகிறது.

வில்லிவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ. கையில் கூடையைப் பார்த்ததுமே டிரைவர், "மீன் கடைதானே? குந்து சார்" என்றார். 'குந்து' என்று அவர் காட்டிய இடம் அவருடைய சீட்டிலேயே கால்வாசி.

கொளத்தூரைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு மீன்! கடையில் மட்டும் என்று நினைக்காதீர்கள். மொட்டை மாடியில், மாடிப்படிக்குக் கீழே, வீட்டுப் பின்கட்டில் எல்லாம் சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, ஃபைட்டர், ஏஞ்சல் என்று வளர்க்கிறார்கள். வாசலில் கோலம் போட்ட கையோடு ஓர் அம்மா மீன் குஞ்சுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் பையன் பாலிதீன் பையில் கொஞ்சம் தண்ணீர், மீதி ஆக்ஸிஜன் அடைத்து, ரப்பர் பேண்டை 'சரக்'கென்று சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குவான். நம் ஊரில் தங்க மீன் வளர்க்காத வீட்டில்கூடக் கொளத்தூர் மீன் செத்திருக்கும். அவ்வளவு பிரபலம்.

இதெல்லாம் நல்ல தண்ணீர் மீன். என் வியாதி கடல் மீன். வீட்டில் மூணடித் தொட்டி, பாக்கெட் உப்பைக் கரைத்த தண்ணீர், உள்ளே சினிமாவில் வந்த 'நீமோ' ஜாதியில் இரண்டு. (ஆபீஸில் இன்னும் "மெரினாலேர்ந்து குடத்துல எடுத்துட்டு வருவீங்களா சார்?" என்று கேட்கிறார்கள்.) போன வருஷம் இதே கொளத்தூரில் ஒரு கடையில்தான் அந்த மாண்டரினைப் பார்த்தேன்.

ஆள்காட்டி விரல் நீளம்தான். கருநீல உடம்பில் ஆரஞ்சு நிறக் கோடுகள் சிக்குக் கோலம் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். மற்ற மீன்களின் நீலம் பெரும்பாலும் வெளிச்சம் செய்கிற கண்கட்டு வித்தை. இதன் நீலம் நிஜச் சாயம்; தோலின் செல்களிலேயே இருக்கிறது. முதுகெலும்புள்ள பிராணிகளில் ரொம்ப அபூர்வம். சீனச் சக்கரவர்த்தியின் அதிகாரிகளான மாண்டரின்கள் போட்ட பட்டு அங்கி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அந்த 'மாண்டரின்' எங்கிருந்து வந்தது தெரியுமோ? நம்ம 'மந்திரி'தான்! சம்ஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போய், போர்ச்சுக்கீசியர் வாயில் விழுந்து, இங்கிலீஷில் மாண்டரினாக எழுந்திருக்கிறது. இதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'மந்திரியார்'.

"என்ன சாப்பிடும்?" என்று கடைப் பையனிடம் கேட்டேன்.

"எது போட்டாலும் துன்னும் சார்!"

ஒரு மாசப் பெட்ரோல் காசைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

மந்திரியார் எதுவும் சாப்பிடவில்லை. குருணைத் தீனி போட்டேன். நீமோக்கள் பந்தி முந்தின. அவர் தலைமேலேயே குருணை விழுந்தது. கண்ணை மட்டும் உருட்டி, ஆடிட்டர் வவுச்சரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாறையை நோக்கி நடந்தார் (நிஜமாகவே அடித் துடுப்பை ஊன்றி நடக்கும்). ஏதோ கொத்திக்கொண்டே இருந்ததால் சாப்பிடுகிறது என்று நினைத்துவிட்டேன். இருபத்து மூன்றாம் நாள் காலை, பாறை இடுக்கில் காய்ந்த மிளகாய் மாதிரி கிடந்தது.

ஐந்தாவது படிக்கும் என் பெண் கேட்டாள்: "தொட்டி ஃபுல்லா சாப்பாடு கிடக்கே, அப்புறம் ஏம்ப்பா பசியில செத்துது?"

செம்பருத்திச் செடிக்குக் கீழே புதைத்துவிட்டு ஆபீஸ் போனேன். அன்றைக்கு எக்ஸெலில் ஒரு கூட்டல்கூட எனக்குச் சரியாக வரவில்லை.

அடுத்த ஞாயிறு, சண்டை போடுவதற்கென்றே கொளத்தூர் போனேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். பக்கத்தில் மீன் தீனி விற்கிற பெரியவர்தான் என் கூச்சலைக் கேட்டுக் கூப்பிட்டார். அவருடைய அப்பா மூர் மார்க்கெட்டில் புழு விற்றவர். இவர் பரம்பரைப் புழு வியாபாரி.

"இன்னா தம்பி, அந்தக் கலர் மீனா? அதுக்குச் சாப்பாடுன்னா நவுரணும். நவுரலன்னா அது சாப்பாடே இல்ல. கல்லு."

அப்புறம்தான் நான் படித்தேன். படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும். ஜப்பானின் தென்கோடித் தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும், அலையடிக்காத கரையோரப் பவளத் திட்டுகளில், உடைந்த பவளச் சல்லிக்கு நடுவே வாழ்கிற மீன் இது. 1927-ல் பிலிப்பைன்ஸ் மீனை வைத்துத்தான் ஹெர்ரே என்ற விஞ்ஞானி முதலில் எழுதினார். அங்கே அதன் சாப்பாடு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பாறையில் ஊர்கிற கோப்பிபாட் என்ற பூச்சி, குட்டிப் புழு, மீன் முட்டை. ஒரு வேளை, இரு வேளை என்று கிடையாது. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை கொறிக்கிற ஜாதி. வருஷக்கணக்கில் ஊறிய பாறையுள்ள பெரிய தொட்டியில் அந்தப் பூச்சி தானாகப் பெருகும். நம் நாட்டில் 2001-லிருந்து கல் பவளம் அத்தனையும் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமம். தொடக் கூடாது, அது சரிதான். அதனால் என் தொட்டியில் இருந்தது சிமென்ட் பாறை. மந்திரியார் இருபத்து மூன்று நாளும் வெறும் சிமென்ட்டைக் கொத்தியிருக்கிறார்.

"வூட்டுக்குப் போ தம்பி. அந்த மீனு நமக்கு வாணாம்" என்றார் பெரியவர்.

போயிருப்பேன். பக்கத்துக் கடைத் தொட்டியில் இன்னொன்று இருந்தது. வந்து பத்து நாளாகிறதாம். பெரியவர் என்னை ஸ்டூலில் ஏற்றி, மேலிருந்து பார்க்கச் சொன்னார். பக்கத்திலிருந்து பார்த்தால் ராஜ அலங்காரம். மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் பெரிதாக, வயிறு இரண்டு பக்கமும் உள்ளே வாங்கி... ஆணி மாதிரி இருந்தது.

"இது இங்க செத்துடும்ல?" என்றேன்.

"செத்துடும். நீ பாவம்னு வாங்கினா, கட வித்துப் போச்சுன்னு இன்னொண்ணு வரவழைப்பான். அதுவும் சாவும். யோசிச்சுக்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிலிப்பைன்ஸில் இந்த மீனைச் சின்ன ஊசி ஈட்டியால் துடுப்பில் குத்திப் பிடிப்பதும் உண்டு. 2010 வாக்கில் அமெரிக்காவில் தொட்டியிலேயே பிறந்த மாண்டரின்கள் விற்பனைக்கு வந்தன. அவை தீனிக்குச் சீக்கிரம் பழகும். கடைக்காரரிடம் அதைச் சொன்னால், "அது வேற ரேட்டு சார்" என்றார். பத்து நிமிஷம் யோசித்தேன். வாங்கிவிட்டேன். அது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது.

பெரியவர் திட்டிக்கொண்டே பாடம் எடுத்தார். "மத்த மீனைப் பட்டினி போட்டா வழிக்கு வரும். இதைப் போட்டா செத்துடும். பால் குடிக்கிற புள்ளைக்குச் சோறு பழக்கற மாதிரி. மொதல்ல உயிரோட குடு. அப்பால கலந்து குடு. அப்பால உயிரைக் கொறச்சுக்கினே வா." சொல்லிவிட்டு ஒரு சின்ன டப்பாவில் காப்பிப் பொடி மாதிரி ஏதோ கொடுத்தார். ஆர்ட்டீமியா முட்டை. உப்பளத்துப் பூச்சி. தூத்துக்குடி உப்பளங்களில்கூட உண்டு. காய்ந்த முட்டையாக வருஷக்கணக்கில் தூங்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் எழுந்துகொள்ளும்.

ஒரு லிட்டர் தண்ணீர், முப்பது கிராம் அயோடின் கலக்காத கல்லுப்பு, கால் ஸ்பூன் முட்டை, காற்றுக் குழாய். மறுநாள் டார்ச் அடித்தால் வெளிச்சத்தை நோக்கி ஆரஞ்சுத் தூசி கூட்டமாக நகர்ந்தது. "தூசியைப் போய் வளக்கறான் பாரு!" என்றாள் அம்மா.

மந்திரியாரை அதே தொட்டிக்குள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தனிக்குடித்தனம் வைத்தேன். நீமோக்கள் திருட முடியாது. இங்க் ஃபில்லரால் தூசியை உறிஞ்சி மூக்கருகே மெதுவாக விட்டேன். பார்த்தது. ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நின்றது. தலையைச் சாய்த்தது. 'டக்'. ஒன்று போயிற்று. மறுபடி 'டக்'. என் பெண் கத்தின கத்தலில் எதிர் ஃப்ளாட் கதவு திறந்தது.

ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஆபீஸ்? மத்தியானம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"வீட்ல ஒருத்தருக்குச் சாப்பாடு ஊட்டணும் சார்."

"அடடா... அம்மாவுக்கா?"

தலையை எந்தத் திசை என்று சொல்ல முடியாதபடி ஆட்டிவைத்தேன். பாவம், தினம் விசாரிப்பார். "இன்னிக்குக் கொஞ்சம் சாப்பிட்டாங்களா?" "எடுத்துக்கிட்டு துப்பிட்டாங்க சார்." "வயசானா அப்படித்தான்பா..."

துப்பினது நிஜம். ஒன்பதாம் நாளிலிருந்து ஃப்ரீசரில் உறைந்த செத்த ஆர்ட்டீமியாவைக் கரைத்து, உயிருள்ளதோடு கலந்தேன். (ஐஸ்கிரீம் பக்கத்தில் பூச்சிக் கட்டி இருப்பதைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.) உயிருள்ளதாகப் பொறுக்கி எடுத்து, செத்ததை விட்டுவிட்டது. ஒரு வாரம் இதே கதை. இங்க் ஃபில்லரை ஆட்டி ஆட்டிச் செத்ததை நடனமாட வைத்தேன். ஏமாந்து வாயில் போட்டுத் துப்பியது. மறுபடி போட்டது. துப்பியது. பதினேழாம் நாள் ராத்திரி துப்பவில்லை. காத்திருந்தேன்... நிஜமாகவே துப்பவில்லை.

நடுவில் பயந்த நாள் ஒன்று உண்டு. அவசரப்பட்டு உயிருள்ளதை அடியோடு நிறுத்தினேன். இரண்டே நாளில் மேலிருந்து பார்த்தால் பழைய ஆணி. என் பெண் ஒன்றும் கேட்கவில்லை. செம்பருத்திப் பக்கம் மட்டும் பார்த்தாள். ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டேன். "அவசரப்பட்டா புள்ளைக்கு சோறே வெறுத்துடும்டா" என்றாள் அம்மா, என்னவோ பத்து மாண்டரின் வளர்த்தவள் மாதிரி.

மறுபடி முதலிலிருந்து. முக்கால் பங்கு உயிர், கால் பங்கு செத்தது. அப்புறம் பாதிக்குப் பாதி. அப்புறம் செத்ததற்கு நடுவே கடுகில் பாதியளவு மிருதுவான குருணை. பூண்டுச் சாற்றில் ஊறவைக்கச் சொன்னார்கள் சிலர். வைத்தேன். ஹால் முழுக்க ரசம் வாசனை வந்ததுதான் மிச்சம்; மந்திரியார் கண்டுகொள்ளவில்லை. நாற்பத்தெட்டாம் நாள், ஆர்ட்டீமியா என்று நினைத்து ஒரு குருணையை எடுத்தது. நின்றது. மென்று பார்ப்பது போல வாயை இரண்டு தரம் அசைத்தது. விழுங்கியது. அடுத்ததைத் தானாகவே தேடி வந்தது.

இப்போது டப்பா இல்லை. தொட்டியின் மூலையில் வாய் குறுகின ஒரு கண்ணாடி ஜாடி. குழாய் வழியாக அதில் குருணை விழும். நீமோக்களுக்கு உள்ளே போகத் தைரியம் இல்லை. மந்திரியார் துடுப்பை ஊன்றி நடந்து, ஆபீஸ் கேன்டீனுக்குள் நுழைகிற மாதிரி நுழைவார். மேலிருந்து பார்த்தால் வயிறு உருண்டை. இன்னமும் ஞாயிறுதோறும் கொஞ்சம் உயிருள்ள ஆர்ட்டீமியா கொடுக்கிறேன், பண்டிகைச் சாப்பாடு மாதிரி.

முட்டை டப்பா வாங்கப் போன மாசம் கொளத்தூர் போனபோது பெரியவரிடம் சொன்னேன்.

"எத்தினி நாளு?"

"நாற்பத்தெட்டு."

"ஒரு மண்டலம்!" என்றார். முகத்தில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடையில், ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாத ஒரு பையன், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே நீலமும் ஆரஞ்சுமாக இன்னொன்று.

"இது என்ன சாப்பிடும்ணா?"

"எது போட்டாலும் துன்னும் சார்!"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தேன். "தம்பி... யாவாரத்தைக் கெடுக்காத" என்று பின்னால் பெரியவர் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே, அந்த ஸ்டூலை எடுத்து என் கையில் கொடுத்தார்.