கிட்டவும் எட்டவும்

பலாலிக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள வான்வழித் தூரம் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையேயுள்ளது ஏறக்குறைய 330 கிலோமீற்றர். தேசப்படத்தின்மீது அடிமட்டம் வைத்து அளக்கும் மாணவர் எவரும் இதனைக் கண்டுகொள்வர். யாழ்ப்பாணத்தவராகிய எமக்குக் கொழும்பும் சென்னையும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான். ஆயினும் தூரம் வேறு, சென்றடையும் நேரம் வேறு என்பதை 2015ஆம் ஆண்டிலே நாம் உணர்ந்தோம்.

அவ்வாண்டில் ஒருநாள் மாலை, சென்னையில் வாழ்ந்த எமது பெரியம்மா காலமானார் என்ற செய்தி வந்தது. அம்மாவுடன் அன்றிரவே கொழும்பு பஸ்ஸில் ஏறினோம். தெற்கு நோக்கி ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தரைவழிப் பயணம். விடிந்தபின் கட்டுநாயக்கா. அங்கே நெடுநேரம் காத்திருந்து, மீண்டும் வடக்கு நோக்கி விமானம் ஏறினோம். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்குப் படத்திலே நேர்கோடு வரைந்தால், அது பலாலிக்கு மிக அருகாகவே செல்லும். வீட்டிலிருந்து புறப்பட்டு, வீட்டைத் தாண்டியே திரும்பிப் போனோம் என்று சொல்லலாம். சென்னையை அடைந்தபோது தகனம் முடிந்துவிட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. தமக்கையின் சேலையொன்றை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார்.

இவ்வழி முன்னர் அடைபட்டிருந்ததன்று. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்தது. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே தரித்தே சென்னை சென்றது. பின்வந்த உள்நாட்டுப் போர் அவ்வழியை மூடிற்று. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. 2020இல் கொள்ளைநோயால் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கிற்று.

2023இல் அம்மாவை அதில் அழைத்துச் சென்றோம். சுழல்விசிறிகள் பூட்டிய சிறு விமானம். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் பறக்கவல்லது. அக்கணக்கின்படி முக்கால் மணித்தியாலம் போதும். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் என்றது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலெழுவதும், இறங்குமுன் வேகம் தணிவதும், தரிப்பிடம் சேர்வதும் அந்நேரத்துள் அடங்கும். பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

அம்மா யன்னலோரம் இருந்து கடலையே பார்த்து வந்தார். சக்கரங்கள் நிலந்தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இவ்வளவு கிட்டவோ அக்கா இருந்தவ?” என்றார்.

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. வாசகர்களே, அக்கரையில் உற்றார் உள்ளவர்கள், வழி திறந்திருக்கும்போதே ஒருமுறை போய்வாருங்கள்.