பெட்டி உடைச்சாச்சு, அம்மா

லண்டனில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தபோது, வயதான ஒரு தமிழ்ப் பெண்ணுக்குச் சட்டம் கொடுத்திருந்த உரிமையை, அது இருப்பது தெரிந்தும், இல்லை என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார். நான் அவருடைய மொழியில் பேசினேன் என்பதால் நம்பினார். இதை வீட்டில்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

2017ஆம் ஆண்டு. அப்போது பிரித்தானியாவில் பலர் போனை 24 மாத கொன்ட்ராக்டில்தான் எடுத்தார்கள். போனின் விலையும் அழைப்புக் கட்டணமும் ஒரே மாதத் தொகைக்குள் கலந்திருக்கும். 24 மாதம் முடிந்தால் போனின் விலை கட்டித் தீர்ந்துவிடும். ஆனால் பல கொன்ட்ராக்டுகளில் மாதத் தொகை அதன் பிறகும் குறையாது. கட்டி முடித்த போனுக்கே திரும்பத் திரும்பக் காசு போய்க்கொண்டிருக்கும். பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அதே ஆண்டு இதைக் கணக்கெடுத்து வெளியிட்டது. இப்படி வீணாகப் போவது சராசரியாக மாதம் 22 பவுண் என்றும், 65 வயதைத் தாண்டியவர்களே இதில் அதிகம் அகப்படுகிறார்கள் என்றும் அது சொன்னது. அந்தச் செய்தியை நான் கடையில் இருந்தபடியேதான் வாசித்தேன்.

கொன்ட்ராக்ட் எப்போது முடிகிறது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. அதை அறிவிக்கவேண்டிய கட்டாயம் அப்போது கம்பனிக்கு இல்லை. எங்களுக்கோ காலையில் கணினியைத் திறந்தால் பெயர்ப் பட்டியல் வரும்: யாருடைய கொன்ட்ராக்ட் முடிகிறது, யாரைக் கூப்பிடலாம் என்று. அதில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் என்னிடம் வரும். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் போனை வைத்துவிடுவார்கள். நான் கூப்பிட்டால் வைக்கமாட்டார்கள்.

அந்த அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டேன். எந்த ஊர், பிள்ளைகள் எங்கே என்று கதைத்தோம். கொன்ட்ராக்ட் முடிகிறது, புதுப் போன் வீட்டுக்கே வரும் என்றேன். தனக்கு எதற்குப் புதுப் போன் என்று கேட்டார். பழையது இனி அதிக நாள் ஓடாது என்றேன். அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. மாதம் 36 பவுண், இன்னுமொரு 24 மாதம். அவரிடம் இருந்த போன் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. சிம் மட்டும் போதும் என்று அவர் மாறியிருந்தால் மாதம் 10 பவுணுடன் முடிந்திருக்கும். அந்தத் தெரிவை நான் அவரிடம் சொல்லவில்லை.

தொலைபேசியில் விற்கும்போது கட்டாயம் வாசிக்கவேண்டிய பந்தி ஒன்று இருந்தது. 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் இந்த ஒப்பந்தத்தை நீங்கள் ரத்துச் செய்யலாம் என்பது அதன் சாரம். மற்ற எல்லாவற்றையும் தமிழில் சொன்ன நான், அந்தப் பந்தியை மட்டும் ஆங்கிலத்தில், வேகமாக வாசித்தேன். அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். “ஓம் தம்பி” என்றார். எழுத்தில் போகவேண்டிய உறுதிப்படுத்தலை ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். முந்தி ஒருநாள் அவர் கடைக்கு வந்தபோது நான்தான் அவருக்கு அந்த முகவரியைத் திறந்து கொடுத்திருந்தேன். அதை அவர் திறந்து பார்க்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த 14 நாள் கம்பனி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையல்ல. 2014 ஜூன் 13 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் கொடுத்த உரிமை. கடைக்கு வராமல் தொலைபேசியிலோ இணையத்திலோ செய்யும் ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தும். புதுப்பித்தலும் அதில் அடங்கும். அந்த நாட்களில் பாவித்த சேவைக்குக் கட்டணம் கேட்கலாம். கடைக்குள் நின்று கையெழுத்திட்டால் இந்த உரிமை சட்டப்படி கிடையாது. கடை தானாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. இந்த வேறுபாடு வெளியே பலருக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே படித்தோம்.

இரண்டாவது வாரத்தில் அந்த அம்மா போனைப் பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். 14 நாள் முடியவில்லை.

“தம்பி, இது எனக்கு வேண்டாம். பழைய போனே காணும். அதுக்குக் காசு கட்டி முடிஞ்சுதாம், சிம் மட்டும் போட்டால் காணுமாம் எண்டு பேத்தி சொல்லுறாள். இதைத் திருப்பி எடுங்கோ.”

“பெட்டி உடைச்சாச்சு, அம்மா. இனி எடுக்க ஏலாது.”

நான் யோசித்துச் சொன்ன பதில் அது. பெட்டியைப் பிரித்ததால் உரிமை போய்விடாது. கடையில் ஒரு போனைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு மேல் பாவித்து மதிப்பைக் குறைத்திருந்தால், அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இது எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? விற்பனை ரத்தானால் எனக்கு வந்த கமிஷனை அடுத்த சம்பளத்தில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கமிஷன் அவருடைய ஒரு மாத பில்லுக்குக்கூட ஈடாகாது. இலக்கு இருந்தது, முகாமையாளர் கேட்பார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அன்று முகாமையாளர் கடையிலேயே இல்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிற்பாடு அந்த விதிகளை ஒருமுறை முழுதாக வாசித்தேன். ரத்துச் செய்ய அதற்கென்று உள்ள படிவத்தைத்தான் நிரப்பவேண்டும் என்றில்லை. வேண்டாம் என்ற முடிவை விற்றவருக்குத் தெளிவாகச் சொன்னால் போதும். சொன்னதை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் வாங்கியவருடையது. அதை வாசித்ததிலிருந்து என்னால் இந்த விஷயத்தை ஒதுக்கிவைக்க முடியவில்லை. அது கம்பனியின் சொந்தக் கடை. நான் அவர்களுடைய ஆள். அவர் எனக்கு முன்னால் நின்று சொன்னது, என் அறிவுக்கு எட்டியவரை, ரத்தேதான். அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத் தமிழில் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதைக் கேட்ட ஒரே சாட்சி நான். கடையில் மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு உதவத்தான் என் தமிழ் அங்கே இருந்தது என்று அவர் நினைத்தார். அன்று அது அவருடைய சொல் வேறு யார் காதிலும் விழாமல் இருக்கத்தான் பயன்பட்டது.

“சரி தம்பி, சட்டம் எண்டால் என்ன செய்யிறது” என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை பிடிக்கவில்லை. சில வாரங்களில் தன் பக்கத்து வீட்டுக்காரரை என்னிடம் அனுப்பினார். நம்பிப் போகலாம், எங்கட பிள்ளை என்று அம்மா சொல்லி அனுப்பியதாக வந்தவர் சொன்னார். அவருக்கும் நான் 24 மாதம் எழுதினேன்.

விதிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. 2019 ஜூலை 1 முதல், எண்ணை வைத்துக்கொண்டு வேறு கம்பனிக்கு மாற விரும்புபவர் யாருடனும் பேசவேண்டியதில்லை. 65075க்கு PAC என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். கொன்ட்ராக்ட் இன்னும் ஓடுகிறதா, விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று அறிய 85075க்கு INFO என்று அனுப்பலாம். 2020 பெப்ரவரி 15 முதல், கொன்ட்ராக்ட் முடிவதை முன்கூட்டியே அறிவித்து, தங்களிடம் உள்ள நல்ல விலைகளையும் சொல்லவேண்டும் என்று தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் கட்டாயமாக்கியது. எங்களிடம் மட்டும் இருந்த பட்டியலின் பலத்தை அந்த அறிவிப்பு பெருமளவு எடுத்துவிட்டது. அது இன்னும் மூன்று ஆண்டுகள் முந்தி வந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் அந்த அம்மாவுக்குக் குறைவாக இருந்தது அறிவிப்பு அல்ல. அவர் வீட்டில் பேத்தி இருந்தாள், விஷயத்தைச் சரியாகவே சொன்னாள், அவரும் நேரத்துக்கு வந்தார். எல்லாம் சரியாக நடந்து என்னிடம் வந்து நின்றது.

இந்த நாட்டில் அம்மா அப்பாவின் போனைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். தொலைபேசியில் கொன்ட்ராக்டைப் புதுப்பித்ததாக அவர்கள் சொன்னால், அன்றே அந்த உறுதிப்படுத்தலைத் தேடி எடுங்கள். எந்த மின்னஞ்சலுக்குப் போனது என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் 14 நாளுக்குள் எழுத்தில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்பவன் தமிழனாக இருந்தாலும் எழுத்திலேயே கொடுங்கள்.

நான் அங்கே மேலும் பல மாதங்கள் வேலை செய்தேன். நினைத்திருந்தால் முகாமையாளரிடம் உண்மையைச் சொல்லி அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்டிருக்கலாம். என் பக்கம் பிழை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அவருடைய கொன்ட்ராக்ட் முடியும் முன்பே வேலையை விட்டேன். விடும்போது அவருடைய எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. 24 மாதத்துக்கு அவர் வீணாகக் கட்டியது ஏறக்குறைய 624 பவுண். அதை நான் இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை.