மஞ்சள் கனெக்டர்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற ரோட்டில் திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் வழிபட்ட சிவன். தரிசனம் முடிந்து காரை ஸ்டார்ட் செய்ததும், "இன்னும் எரியுதேடா" என்றார் அப்பா. டாஷ்போர்டில் சிவப்பாக ஏர்பேக் விளக்கு.

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்ப்பா." பி.காம். படித்தவனின் மெக்கானிக்கல் அறிவு அவ்வளவுதான். நிஜம் நேர் எதிர். அது அணையாமல் எரிந்தால், மோதும்போது ஏர்பேக்கும் பெல்ட்டும் கைவிரித்துவிடலாம்.

அப்பா விடவில்லை. உத்திரமேரூரில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஸ்கேனரைச் சொருகி, "இடது பக்க சீட் பெல்ட் ப்ரீடென்ஷனர் சார். ரெசிஸ்டன்ஸ் அதிகமா காட்டுது" என்றார். மோதிய கணத்தில் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து, ஆளை சீட்டோடு இறுக்கும் சமாசாரமாம். உதவுகிறேன் பேர்வழி என்று நான் மல்டிமீட்டரை எடுத்து நீட்ட, மனிதர் பதறிவிட்டார்.

"ஐயோ வேணாம் சார்! உள்ள மருந்து இருக்கு. மீட்டர் கரண்ட்டுலயே வெடிச்சாலும் வெடிக்கும்."

பாட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். (கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் வடியணுமாம். டீ குடித்தோம்.) அப்புறம் அப்பாவின் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். மஞ்சள் கனெக்டர் பாதி கழன்று கிடந்தது. பக்கத்தில், நான் திணித்து வைத்திருந்த குடை!

முனையைச் சுத்தம் செய்து, 'க்ளிக்'கென்று அழுத்தி, பாட்டரியை மாட்டி, ஸ்கேனரில் கோளாறை அழித்தார். விளக்கு சில வினாடி எரிந்து அணைந்தது.

"எத்தனை நாளா சார் எரியுது?"

"இன்னிக்குத்தான்" என்றேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெண்டு மாசமாக வாரம் இரண்டு தடவை, அந்தச் சீட்டில் உட்கார வைத்துத்தான் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன்.