பெரியப்பாவின் எட்டு மில்லிமீட்டர் மாட்டுங்கா

அறுபதுகளின் பம்பாய் மாட்டுங்காவில் போட்டோ கேமரா இருந்த வீடுகள் நிறைய. ஓடும் படம் எடுக்கிற கேமரா எங்கள் பில்டிங்கிலேயே பெரியப்பா ஒருவரிடம்தான் இருந்தது. எட்டு மில்லிமீட்டர், சாவி கொடுத்தால் ஓடும், பாட்டரி வேண்டாம்.

ஃபிலிமின் விலைதான் யானை விலை. ஐம்பது அடி, நொடிக்கு 16 ஃப்ரேம் கணக்கில், நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். அதனால் பெரியப்பா விசையை அழுத்துவதற்கு முன் மனசுக்குள் கணக்குப் போடுவார். திருமாங்கல்யதாரணத்துக்குப் பத்து நொடி, சம்பந்திகளுக்கு ஐந்து, சமையல்கட்டுக்குக் கிடையாது.

அந்தச் சுருள் உள்ளபடி 16 மில்லிமீட்டர் அகலம், 25 அடி நீளம். ஒரு பாதியில் எடுத்து முடித்ததும் நிழலான இடத்தில் திறந்து, புரட்டிப் போட்டு மறுபாதியில் எடுக்க வேண்டும். கழுவுகிற இடத்தில் நடுவாகப் பிளந்து, நீளவாக்கில் ஒட்டித் தருவார்கள். ஒருமுறை பெரியப்பா புரட்ட மறந்தார். அத்தையின் நிச்சயதார்த்தத்தின் மேலேயே எலிஃபன்டா பயணமும் பதிந்து, தாம்பூலத் தட்டில் படகு மிதந்தது. அத்தை கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை.

ஞாயிறு ராத்திரி கூடத்துச் சுவரில் வெள்ளை வேஷ்டியைக் கட்டிப் படம் போடுவார்கள். படத்துக்குச் சத்தம் கிடையாது. ப்ரொஜெக்டரின் கடகடப்பும் பாட்டியின் குரலும்தான். “அது யாருடா? நம்ம கல்பாத்தி அம்மங்காவோன்னோ! அந்தப் புடவை அவளோடது இல்லே, இரவல்!” யாருக்கு யார் என்ன உறவு, யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் எங்களுக்கு அந்த வேஷ்டித் திரையில்தான் தெரிந்தது.

பெரியப்பா காலத்துக்குப் பிறகு சுருள்கள் பிஸ்கட் டின்னில், இரும்பு பீரோவில், ரசகற்பூர உருண்டைகளோடு கிடந்தன. பம்பாயின் உப்புக்காற்றும் ஜூலை ஈரமும் அவற்றைத் தின்றுகொண்டிருந்தன. டின்னைத் திறந்தபோது வினிகர் நெடி. அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது அசிடிக் அமிலம் கக்கும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். ஃபிலிம் சுருங்கிவிடுவதால் பல் துளைகள் ப்ரொஜெக்டரில் பொருந்தாமல் கிழியும். ஆசைக்காகக்கூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. நல்ல ஸ்கேனர் சுருளை மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாகப் படம் பிடிக்கும். வேகத்தை 16-லேயே வைக்கச் சொல்ல வேண்டும். கூட்டினால் மாமிகள் எல்லாம் சாப்ளினாகிவிடுவார்கள்.

எங்களுடையதில் கோடாக்குரோம் சுருள்கள் நன்றாகவே பிழைத்திருந்தன. இருட்டில் கிடந்தால் அதன் சாயம் எளிதில் வெளுக்காது. கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது பார்க்கும்போது கண் மணப்பெண்ணிடம் நிற்பதில்லை, அவளுக்குப் பின்னால் போகிறது. 1964 மார்ச் 31-ஆம் தேதியோடு நின்றுபோன தாதர் டிராம் ஓர் ஓரமாகப் போகிறது. 1963-இல் திறந்து, 1990-இல் தீப்பிடித்து, 1998-இல் மறுபடி எழுந்த சண்முகானந்தா மண்டபம், தீக்கு முந்தைய முகத்தோடு நிற்கிறது. அரோரா தியேட்டர் வாசலில் தமிழ்ப் படத்துக்குக் கூட்டம். பெரியப்பா இதையெல்லாம் எடுக்க நினைத்தவர் அல்ல. குறுக்கே வந்து விழுந்தவை.

ஒன்று மட்டும் அந்தச் சுருள்களில் எங்கும் இல்லை: தாராவி. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டு, சதுப்பு நிலத்தில் ஓர் ஊரையே எழுப்பிய இடம். அவர்களிடம் அப்போது கேமரா இல்லை. கேமரா இருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பம்பாய்த் தமிழர்களின் எட்டு மில்லிமீட்டர் சரித்திரம் பாதிச் சரித்திரம்தான். மறுபாதி, எண்பதுகளில் வீடியோ வந்த பிறகு எடுத்த கல்யாணக் கேசட்டுகளில் இருக்கிறது. காந்த நாடாவின் ஆயுள் ஃபிலிமைவிடக் குறைவு. அதை ஓட்டும் டெக்கும் அரிதாகிவருகிறது.

வீட்டுச் சுருள் மட்டுமல்ல, சினிமாவும் இப்படித் தொலைந்திருக்கிறது. ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தமிழகத்தின் முதல் ஊமைப்படம், இன்று நம்மிடம் இல்லை. சினிமாவைக் காக்க இப்போது புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும், மும்பையிலேயே 2014-இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் இருக்கின்றன. வீட்டுச் சுருளுக்குக் காவல் அந்த வீடுதான்.

ஆகவே செம்பூரிலோ தாராவியிலோ, பரண் மேல் சுருளோ கேசட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்கேன் எடுத்த பிறகும் மூலத்தைக் குப்பையில் போடாதீர்கள். குளிர்ச்சியாக, ஈரம் படாமல் வையுங்கள். நகலை இரண்டு இடங்களில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டு, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். எங்கள் சுருள்கள் ஸ்கேன் ஆனபோது பாட்டி இல்லை. பாதி முகங்களுக்குப் பெயர் தெரியவில்லை.