மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே

பல ஆண்டுகளுக்கு முன், மன்னார்க் கரையோரப் பாடசாலையொன்றில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்று அமுக்கம் பற்றிய பாடம். சங்கு குளிக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து நின்றான்.

"சேர், நாள் முழுக்க மூழ்கி எழும்பினாப் பிறகு அப்பாவுக்குத் தலை சுத்துதாம், கால் விறைக்குதாம். ஏன் சேர்?"

பதில் என் நாவில் ஆயத்தமாக இருந்தது. கடலடியில் குழாய்வழி காற்றைச் சுவாசிப்பவனுக்கே அமுக்கநீக்க நோய் வரும். மூச்சடக்கி மூழ்குபவனுக்கு வராது. "அப்பா களைச்சிருப்பார்" என்றேன். பையன் உட்கார்ந்துவிட்டான்.

நான் சொன்னது பிழை என்பதைப் பின்னரே அறிந்தேன். பசுபிக் சமுத்திரத்தின் துவாமோட்டுத் தீவுகளில் முத்துச்சிப்பி குளிப்போர் இந்நோயைத் 'தரவானா' என்றழைத்தனர். பித்துற்று விழுதல் என்பது அதன் பொருள். தலைசுற்றல், பக்கவாதம், அறிவு மயக்கம், சிலவேளை மரணம். 1965இல் டென்மார்க் வைத்தியர் பவ்லெவ், பயிற்சித் தொட்டியொன்றில் மூச்சடக்கிப் பன்முறை மூழ்கியபின் தமக்கே இந்நோய் கண்டதையும், அமுக்க அறையில் வைக்கப்பட்டுத் தேறியதையும் எழுதி வெளியிட்டார்.

காரணம் விளங்காததன்று. 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் தரையிலுள்ளதைப் போல் நான்கு மடங்கு. நெஞ்சில் அடைபட்ட காற்றின் நைதரசன் குருதியிற் கரைகிறது. ஒருமுறை மூழ்கினால் அது அற்பம். ஆனால் கரைந்தது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் மறுபடி மூழ்கினால், மீதியின்மேல் மீதி சேர்கிறது, மேலெழும்போது குமிழிகளாகிறது. அக்குமிழிகள் நாடிவழியே மூளையை எட்டினால் உறுப்புகள் செயலிழக்கின்றன.

துவாமோட்டுக் குளிகாரர் சில நிமிடங்களே மேலே தங்கினர். அதே கடற்பரப்பின் மங்கரேவாத் தீவினரோ, முழுக்குக்கு முழுக்கு 12 முதல் 15 நிமிடம் இளைப்பாறினர். அவர்களிடையே தரவானா காணப்படவில்லை.

நோயைத் தீர்மானிப்பது ஆழம் மட்டுமன்று, ஓய்வுந்தான். எடுத்த சிப்பிக்கும் சங்குக்குமே வருவாய் என்றிருக்கும் தொழிலில் அந்தப் பத்து நிமிடத்தை யார் கொடுப்பார்? ஓய்வெடுத்தால் உலை கொதிக்காது. எடுக்காவிட்டால் கால் நடக்காது. இதைத் தொழிலாளியின் களைப்பென்று சொல்லிக் கடந்துபோவது எவ்வளவு எளிது!

நானும் அன்று அவ்வாறே கடந்துபோனேன். அந்தப் பையன் கேட்டது பாடப்புத்தகத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி. தந்தையின் உடலைக் கண்டு அவன் அறிந்திருந்த உண்மையை, நூலறிவைக் கொண்டு நான் மறுத்தேன். இன்று எந்த மாணவன் எழுந்து நின்றாலும், முதலில் அவன் சொல்வதை முழுவதும் கேட்கிறேன்.