லூசிலின் வயிற்றில் துணி

1949இன் குளிர்காலம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூர். குளிர்காய்வதற்காக நடனக் கூடத்தில் வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாய், இரண்டு பேர் போட்ட சண்டையில் உருண்டு, கூடமே பற்றி எரிந்தது. தப்பி வெளியே வந்த பி.பி. கிங், கிதாரை விட்டுவிட்டது நினைவுக்கு வர, மறுபடி நெருப்புக்குள் ஓடினார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று பிறகு தெரிந்தது. இனி இப்படி ஒரு முட்டாள்தனம் கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள, அந்தப் பெயரையே கிதாருக்கு வைத்தார்.

உயிரைப் பணயம் வைத்து அவர் மீட்டது, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு மரக்கூடு. அன்றைய மின்சார கிதார்கள் பெரும்பாலும் அப்படித்தான். வயலினைப் போல வளைந்த மேற்பலகை, அதில் 'எஃப்' எழுத்து வடிவில் இரண்டு துளைகள், கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செப்புச் சுருளும் கொண்ட பிக்கப். கிப்சன் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த இஎஸ்-150 இந்த ரகம். 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், டிரம்பெட், சாக்ஸபோன் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த கிதாரை இதை வைத்துத்தான் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். 1942இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25.

ஆம்ப்ளிஃபயர்கள் பெரிதானபோது சிக்கல் வந்தது. ஸ்பீக்கரின் ஒலி கூட்டை அதிரவைக்கும். அதிர்வு கம்பிக்குப் போய், பிக்கப் வழியாகத் திரும்ப ஸ்பீக்கருக்கே வரும். கல்யாண மண்டபத்து மைக் திடீரென்று ஊளையிடுமே, அதே சங்கதி. இனிமைக்குக் காரணமான வயிறே வினையாயிற்று.

லெஸ் பால் 1940 வாக்கில் வெறும் பைன் கட்டையில் கம்பி கட்டிப் பார்த்தார். ஊளை போயிற்று, ஆனால் அது கிதாராகத் தெரியவில்லை. ரசிகர்களின் கண்ணுக்காக ஒரு கிதாரை நெடுக அறுத்து, பக்கத்துக்கொரு பாதியாக ஒட்டினார். 1950களில் ஃபெண்டரின் முழுக்கட்டை கிதார்கள் வந்தன. ராக் இசை அந்தப் பக்கம் சாய, ஜாஸ்காரர்கள் கூட்டை விடவில்லை. 1958இல் கிப்சன் இஎஸ்-335 மூலம் சமரசம் கண்டது: மெல்லிய கூடு, நடுவில் மட்டும் கட்டை. லெஸ் பாலின் ஒட்டுவேலைதான், இம்முறை தொழிற்சாலையில்.

1964இல் பீட்டில்ஸ் 'ஐ ஃபீல் ஃபைன்' பாடலை அந்த ஊளையிலேயே தொடங்கினார்கள். கிங்குக்கு அது பிடிக்காது. பின்னாளில் கைக்கு வந்த, நடுக்கட்டை வைத்த லூசில்களிலும் துளைகள் வழியே துணியைத் திணித்து வாசித்தார். 1980இல் கிப்சன் துளைகளே இல்லாத லூசிலைச் செய்து கொடுத்தது. துணிக்கு வேலை போயிற்று.